பன்னிரண்டு இடம், பதினாறு பேர்

ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
நெல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும்.
அதுதான் என் வேலை, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
கொள்முதல் நிலையத்தில், தார்ப்பாய் நிழலில்.
சனி ஞாயிறு மாலைகளில்
ரயிலடிப் பக்கம் ஒரு மாடி அறையில்
கால் நீட்ட முடியாத பெஞ்சில் உட்கார்ந்து
இசை தியரி படிக்கிறேன். இரண்டாம் நிலை.
வயது நாற்பத்து நான்கு.

பாட்டு வராது எனக்கு.
அதைச் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன்.
"அப்போ எதுக்கு?" என்று கேட்காத ஒரே ஆள்
அபிராமசுந்தரி மிஸ். வயது இருபத்தாறு.
ஒரு கையில் ஸ்கூட்டி சாவி சுழல
மறு கையால் பலகையில் எழுதுவார்:
பா ஸ்ரீ கோ பூ மா ஷா.

இருபத்தொன்பதாவது மேளம் எந்தச் சக்கரம்?
ஆறாம் வகுப்பு லெனினா
கேள்வி முடியுமுன் "பாண-மா" என்பாள்.
நான் விரல் மடக்கி
ஆறு ஆறு மூட்டையாக அட்டி போட்டு
ஐந்தாம் அடுக்கின் ஐந்தாவதைத் தொடும்போது
அவள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருப்பாள்.
கடைமடைக்காரி நான், மிஸ்.
எங்களுக்கு எதுவும் பத்து நாள் தள்ளித்தான் வரும்.

கடபயாதி நடந்த வாரம் நல்ல மழை.
ராகப் பெயரின் முதல் இரண்டெழுத்தை எண்ணாக்கித்
திருப்பிப் போட்டால் மேளத்தின் எண்.
வடமொழிக்கு நாலு க. நமக்கு ஒன்றே ஒன்று.
நான் எழுதிய க ஒன்றா, இரண்டா, மூன்றா, நாலா?
எழுத்தின் தலையில் பொடி எண்கள் போட்டுப் போட்டு
என் நோட்டு கொள்முதல் ரசீது போல் ஆகிவிட்டது.
முத்துப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வரும்
டெய்லர் நூருல் அமீன் பாய்க்குத்தான்
சட்டென்று பிடிபட்டது.
"எழுத்துக்குள்ள எண்ணு.
நம்ம எழுநூத்தி எம்பத்தாறு மாதிரி."
தையல் சாக்குக்கட்டியால் மேசையிலேயே போட்டார்:
கரகரப்ரியா, இருபத்திரண்டு.
மிஸ் கைதட்டினார். லெனினாவும்.

பிறகு ஸ்வரஸ்தானம்.
இடம் பன்னிரண்டு, பேர் பதினாறு.
நாலு இடங்களில் இரண்டிரண்டு பேர்.
சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும்
கீபோர்டில் ஒரே கட்டை.
கீழே ரிஷபம் என்று ஒருவர் ஏற்கெனவே இருந்தால்
இந்தச் சத்தம் காந்தாரம் ஆகிவிடும்.
இல்லையென்றால் இதுவே ரிஷபம்.

மிஸ் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.
நான் போகவில்லை.

அக்கா கோமளவல்லி இருந்தவரை
அந்த வீட்டில் நான் சித்தி.
தீபாவளிக்கு வந்து, முறுக்கு பிழிந்து, கிளம்பிவிடுவேன்.
அவள் போன மறு வருஷம்
அதே வாசல், அதே பீரோ, அதே மனிதர்.
பையன் இரண்டு பேரும் சொல்லித்தான் கூப்பிடுவான்
பசியைப் பொறுத்து.
திரும்பிப் பார்ப்பவள் ஒருத்திதான்.

நெருங்கி நின்று உரசுகிற மேளங்கள் நாற்பது.
விவாதி என்று பெயர்.
தோஷம் என்று சிலர் தொடவே மாட்டார்களாம்.
"நல்லாத்தான் இருக்கும்" என்றார் மிஸ்,
சாவியைப் பையில் போட்டுக்கொண்டே.

தேர்வு தை மாதம். சம்பா குவியும் நேரம்.
லீவு விண்ணப்பத்தில் 'சொந்த வேலை' என்று எழுதி
அடித்துவிட்டு 'பரீட்சை' என்று எழுதினேன்.
"பையனுக்கா?" என்றார் மேலாளர்.
எனக்கு, சார்.
அவர் என்னைப் பார்த்தார். பேனாவைத் தேடினார்.
கையெழுத்து இன்னும் விழவில்லை.

இன்று காலை, பனி விலகாத களத்தில்
லாரி ஒன்று இரண்டு சத்தமாய் ஹாரன் அடித்தது.
முதலாவதை ஸட்ஜமாக வைத்தால்
மற்றது மூன்று படி மேலே.
சாதாரண காந்தாரமா, ஷட்ஸ்ருதி ரிஷபமா?
கூட யார் இருக்கிறார் என்று தெரியாமல்
சொல்ல முடியாது.
மீட்டர் கையில் இருக்க அப்படியே நின்றேன்.
இரண்டு நாளாய்க் குவியலுக்குக் காவல் இருந்தவர்
தலையில் துண்டோடு என் முகத்தையே பார்க்கிறார்.
"என்னம்மா," என்றார்,
"பாஸா?"