ஒரு எச்

பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலே
முதலெழுத்துக்குப் பக்கத்திலே எச் இல்லை.
கடவுச்சீட்டிலே இருக்கு.
தமிழிலே நான் ஒருத்தி, தவநிதி.
இங்கிலீசிலே ரெண்டு பேராம்.

யாழ்ப்பாணம் கோட்டுக்கு எதிர்ப்பக்கம்
நொத்தாரிசு அருளம்பலவாணற்றை கந்தோர்.
பக்கத்துக் கடையிலே கறண்ட் போய்
போட்டோக்கொப்பி மெசின்
என்ரை முகத்தைப் பாதி விழுங்கினபடி நிண்டது.

‘மேற்படி இரு பெயர்களும்
ஒரே ஆளையே குறிக்கும் எனச்
சத்தியம் செய்கிறேன்.’
வாசிச்சுக் காட்டி, விளங்குதோ எண்டார்.
ரெண்டு பேரும் ஓமெண்டம்.

காய்ஞ்ச முத்திரைக்கு வாயாலே ஊதி
ஓங்கிக் குத்தினார்.
ஆயிரத்தைந்நூறு.

சூரிச் போற கடிதவுறைக்குள்ளே
இப்ப ஒருத்திதான்.
எச் இல்லாதவள்
மானிப்பாய் பஸ்ஸிலே
என்ரை மடியிலே இருந்து வாறாள்,
ரிக்கெற் எடுக்காமல்.