தொழில் என்ற கட்டத்தில்

வந்த அன்று பதிவேட்டில்
பெயர் எழுதினார்: டெட்லெஃப் ஹாகெமன்.
கடவுச்சீட்டு இலக்கம் எழுதினார்.
தொழில் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்து
மூடிவிட்டார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி.
மகன் அஸ்மீர் வாசித்துச் சொன்னான்:
"குரல் நாணில் அரிசி அளவு ஒரு முடிச்சு.
வெட்டியாயிற்று. தொண்ணூறு நாள் பேசக் கூடாது.
மன்னிக்கவும். தேநீர் கிடைக்குமா?"

உல்லையில் ஆனி மாதம்.
எங்களிடம் அறை இரண்டு, ஓடுகிற மின்விசிறி ஒன்று.
பலகையோடு அலைக்கு வருகிற பிள்ளைகளின் நடுவே
அலையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதர்,
அறுபதுக்கு இரண்டு குறைவு.

துண்டுகளை ஜெஸீலா பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள்.
வரிசையில்லாமல்தான் தெரிய வந்தது அவர் காலம்:
ஆற்றைப் படகில் கடந்து போகிற ஒரு கொட்டகை,
பாட்டும் ஆட்டமும், கிழமைக்கு எட்டுக் காட்சி.
தகப்பன் தண்டவாளம் மாற்றுகிறவர்,
மகன் மேடையில் ஆடுகிறான் என்று
அடுத்த வீட்டுக்குக் கடைசிவரை சொல்லவில்லை.
பத்தொன்பது வயதில் மூன்றாவது காவலாளி.
"அவர்கள் வருகிறார்கள்." அவ்வளவுதான் வசனம்.
அதையும் முதல் நாளே முந்திச் சொல்லிவிட்டாராம்,
வர வேண்டியவர்கள் இன்னும்
சப்பாத்துப் போட்டு முடியவில்லை.
ஒரு மனைவி, அவளும் ஆட்டக்காரி,
இப்போது பல் வைத்தியரோடு.
"கதாநாயகனுக்குக் காய்ச்சல் வந்தால் நான் கதாநாயகன்.
அவனுக்கு நல்ல தேகம்."

ஒரு துண்டில் இலக்கம் மட்டும்: 1312.
என்ன இது, கடனா என்றேன்.
விரலைத் துப்பாக்கியாக்கி நெஞ்சில் வைத்துக் காட்டினார்.
அத்தனை தரம் செத்திருக்கிறார்,
இரண்டாம் பாகத்தில், நாலாவது பாட்டு முடிய,
படிக்கட்டில்.

பிள்ளைகள் அன்றே பிடித்துக்கொண்டார்கள்.
அஸர் முடிந்து வெயில் சாய்கிற நேரம்
கவிழ்த்த தோணிக்குப் பின்னாலிருந்து தடியால் சுடுவார்கள்.
மனிதர் உடனே விழுவதில்லை.
முதலில் ஆச்சரியப்படுவார்.
சட்டையைத் தொடுவார், கையைப் பார்ப்பார்,
யாரையோ தேடுவார், அவர்கள் வரமாட்டார்கள்,
பிறகுதான் முழங்கால்.
வலை பொத்துகிறவர்கள் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.
குசினி ஜன்னலில் ஜெஸீலா, கையில் அகப்பை:
"வியாழக்கிழமை விழுந்ததுதான் விழுந்தது.
இண்டைக்கு அவசரப்பட்டுட்டார்."
அதை அஸ்மீர் எழுதிக் கொடுத்தான்.
வாசித்தார். கனநேரம் யோசித்தார்.
எழும்பி, மணலைத் தட்டி,
திரும்பவும் செத்தார்.

முஅத்தின் லெவ்வைத்தம்பியைப் பற்றியும் ஒரு துண்டு உண்டு:
"மூச்சு அடிவயிற்றிலிருந்து வருகிறது. யாரிடம் படித்தார்?"
யாரிடமும் இல்லை, இருபது வருடம் மீன் ஏலம் கூறினவர்
என்று எழுதச் சொன்னேன்.
அடுத்த விடியலில் ஏலக் கரையில் நின்றார் மனிதர்,
சூரையின் விலையைக்
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு.

தொண்ணூறாம் நாள் முற்றத்தில் இருபது பேர்.
பாடுவார் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.
பாணமையிலிருந்தும் ஓட்டோ பிடித்து வந்திருந்தார்கள்.
வெளியே வந்தார். எங்களை எண்ணுவதுபோல் பார்த்தார்.
வாயைத் திறந்தார்.
உள்ளே துருப்பிடித்த பிணைச்சல் ஒன்று அசைந்தது:
"பில்."

தேத்தண்ணி மட்டும் இருநூற்றுப் பதினாலு.

பஸ் ஏறுமுன் பதிவேட்டைக் கேட்டு வாங்கி
அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.
ஒன்றும் எழுதவில்லை, ஆனால்
தாளின் மூலை மடிந்திருந்ததை
விரலால் நீவிவிட்டுத் தந்தார்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு
அஸ்மீரின் போனுக்கு ஒரு படம் வந்தது:
சின்ன மண்டபம், ஒட்டுத் தாடியில் டெட்லெஃப்.
"ஒரு தகப்பன். பாட்டு இல்லை. பதினொரு வரி.
இதில் நான் சாவதில்லை."

ஜெஸீலா படத்தைப் பெரிதாக்கி
முகத்தை, பிறகு கையைப் பார்த்தாள்.
"பாவம்," என்றாள்,
"அதுதானே அந்த மனிசனுக்கு நல்லா வரும்."