பத்தி எண் ஏழு

படிவம் கேட்கிறது:
‘சுற்றுச்சூழல் கல்விக்கு உங்கள் பள்ளியில் உள்ள வளங்கள்.’
இரண்டே வரி இடம்.

தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு
ஜூலையில் வந்தது ஒரு பெட்டி.
அமிலம் காட்டும் காகிதம் இருபது துண்டு,
பிள்ளைகள் நாற்பத்தாறு.
நெடுக்குவாட்டில் நறுக்கினேன்;
அப்படியும் ஆறு பேர் எட்டிப் பார்த்ததோடு சரி.

மிட்டி ஆற்றுத் தண்ணீரில் தோய்த்த நாற்பதும்
வண்ண அட்டையில் இல்லாத ஒரு நிறத்துக்குப் போயின.
கையேட்டைப் புரட்டினேன்.
“இன்னிக்கு வியாழன் டீச்சர்,” என்றான் இசக்கிராஜ்,
“பச்சைச் சாயம் கழுவுற நாள். நீலம் நாளைக்கு.”

மறுவாரப் பாடம்: குப்பை எங்கே போகிறது?
ஒரு லாரி, ஓர் அம்புக்குறி,
அம்பின் முனையில் காலிக் கட்டம்.
பதினோரு பேர் எழுதியிருந்தார்கள்
‘எங்க வீட்டுக்கு’.
சிவப்புப் பேனா திறந்தபடியே கிடந்தது.

ஜெனிபா ஒரு ஷாம்பு மூடியைத்
தரையில் தட்டிக் காட்டினாள்.
பிறகு இன்னொன்று.
எனக்கு இரண்டும் டக்தான்.
“இது கிலோ முப்பது, அது எட்டு.
காது கேக்கலையா டீச்சர்?”
கண்ணை மூடச் சொல்லித் தட்டினாள்.
ஐந்தில் மூன்று தப்பு எனக்கு.

வளங்கள்: பெட்டி ஒன்று.
காகிதம் தீர்ந்துவிட்டது.
இரண்டாம் வரியில் ‘நாற்பத்தாறு’ என்று எழுதி
அடித்தேன்; தலைமையாசிரியர்
வருகைப் பதிவு என்று நினைத்துக்கொள்வார்.

பத்தி எட்டு:
‘ஆசிரியருக்குப் பயிற்சி தேவையா?’
ஆம் என்பதை வட்டமிட்டேன்.
யாரிடம் என்று அவர்கள் கேட்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்:
ஜெனிபா, ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு.