நாலாவது துளை

எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டுகிறேன்.
பத்தொன்பதாம் நாள்.
உலோகத் தட்டுக்குக் கீழே
தலைமயிர் அளவில் ஒரு கீறல்
துளையிலிருந்து துளைக்குப் போய்
எலும்பின் ஓரத்தால் வெளியேறுகிறது.

வெளியே கதிரையில் அருளப்பு.
கோட்டையில், பழைய கப்பல் கம்பனிக் கட்டடத்தில்
முப்பத்தொரு வருடம் லிப்ட் ஓட்டியவர்.
நின்றபடி ஏறி, நின்றபடி இறங்கிய கால்.
உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது,
வெளிப்பக்கம் இன்னும் வாலிபம்.
"பாதி மூட்டு மாற்றினால் போதும்" என்றேன்.
"காசும் பாதியோ டொக்டர்?"

படிவத்தில் எல்லாம் இருந்தது:
கிருமி, இரத்தக்கட்டி, தட்டுத் தளர்தல்,
சலரோகக்காரருக்குக் காயம் ஆறச் சுணங்கும் என்பதும்.
மூன்று மாதம் பிளேன்டீக்குச் சீனி போடவில்லை அவர்.
கடைசி பீடிக்கட்டை மருதானைப் பாலத்தில் நின்று எறிந்தாராம்,
கீழே ரயில் போனதாம்.
எட்டுக் கிலோ குறைத்து வந்து
தராசில் ஏறி நின்று என்னைப் பார்த்தார்.
தன் பங்கில் ஒன்றும் மீதி வைக்கவில்லை.

என் பங்குக்குப் படிவத்தில் ஒரு வரி இல்லை.

வெட்டும் அச்சை எலும்பில் பிடித்துவைக்க
மூன்று ஊசி.
அன்று அச்சு சரிந்திருந்தது. ஒரு பாகை, இரண்டு பாகை,
கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.
கழற்றித் தள்ளி வைத்தேன்.
நாலாவது துளை.
நிர்மலி மிஸ் ஊசியை நீட்டியபோது
ஒரு கணம் பிடியை விடவில்லை.
கேள்வியா, ஈரக் கையுறையா,
நான் விசாரிக்கவில்லை.
பிறகு வாள்.
பின்னோரத்தில் ஒரு நூல் கூடுதலாய் இறங்கியபோது
சத்தம் மாறியது,
கல்லில் போன மண்வெட்டி மணலில் விழுந்ததுபோல.
சீமெந்து குழைத்தோம். தட்டு இறுகியது.
அழகாய்த்தான் இருந்தது.

இந்த வருடம் நான் மாற்றியதில்
முழு மூட்டு நூற்றுக்கு மேல்,
பாதி மூட்டு ஏழு.
குறைவாய்ச் செய்கிறவர் கையில் கூடுதலாய்ப் பிழைக்கும் என்று
ஸ்லைட் போட்டு நானே பேசியிருக்கிறேன்
வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

பொரளைச் சந்தியில் ஒரு பஸ்
ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. மழை.

சொற்கள் தயாராய் இருக்கின்றன.
அரிதாக. துரதிர்ஷ்டவசமாக. எலும்பு மெலிவு.
வயதில் போடலாம், எடையில் போடலாம்,
படியில் தடுக்கியிருப்பீர்கள் என்றும் சொல்லலாம்.
தலையாட்டுவார்.
எந்த மாடி என்று மட்டுமே கேட்டுப் பழகிய மனுஷன்,
ஏன் போகிறீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

கதவைத் திறக்கிறேன்.
ஊன்றுகோலைத் தேடி எழும்பப் பார்க்கிறார்.
"இருங்கோ."
பக்கத்துக் கதிரையில் நானும் இருக்கிறேன்.
"ஒரு துளை கூடப் போட்டுட்டன். அதாலை வெடிச்சிருக்கு."

படத்தை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறார், தலைகீழாக.
திருப்பிக் கொடுக்கிறேன்.
கீறலை விரலால் மேலிருந்து கீழே தடவுகிறார்,
பிறகு கீழிருந்து மேலே.

தட்டும் திருகும் வைத்துப் பொருத்தலாம்,
பொருந்தாவிட்டால் முழு மூட்டு என்கிறேன்.

"ஆர் செய்யிறது? நீங்களோ?"

வேண்டும் வேண்டாம் எதுவும் இல்லை அந்தக் குரலில்.
எந்த மாடி என்று கேட்கிற குரல்.