பலகைக்குக் கீழே

மோர்கம் கடற்கரையில் மழை
பக்கவாட்டில் பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை.
எம்ப்ரஸ் நடனக்கூடத்தின் தரையைப் பிரிக்க
கெயில் ஹாவொர்த் வந்திருக்கிறாள்,
ஒரு கடப்பாரை, ஆணி பிடுங்கி,
குடுவை நிறையத் தேநீரோடு.
ஆட வராது அவளுக்கு.
தன் கல்யாணத்திலேயே ஓரமாய்க் குந்தி
ஒலிபெருக்கியின் ஒயரைச் சரிசெய்தவள்.

முதல் பலகை முனகிக்கொண்டு எழுகிறது.
கீழே வரிசையாய் இரும்புச் சுருள்கள்,
நூற்றுப் பத்து ஆண்டுகளாய்
ஓர் ஊரின் எடையைத் தாங்கித் துள்ளியவை.
இடுக்கில்
கொண்டை ஊசிகள், ஒரு முத்துப் பொத்தான்,
பாதி கடித்த புதினா மிட்டாய்,
ஜிகினா,
எங்கே கை வைத்தாலும் ஜிகினா,
மீன் ஆய்ந்த இடத்துச் செதில் மாதிரி.

பிறகு மேல்பக்கத்தை விரலால் படிக்கிறாள்.
மூலைகளில் மரம் வட்டமாய்த் தேய்ந்திருக்கிறது.
அது வால்ட்ஸ்.
தகிட தகிட என்று சுழன்றபடி வந்து
மூலையில் திரும்பியே ஆகவேண்டிய ஆட்டம்.
ஆஸ்திரியக் குடியானவர்கள் சுற்றியது
அரண்மனைக்குள் நுழைந்தபோது
இடுப்பில் கை வைப்பதா என்று
பெரிய மனிதர்கள் பதறினார்கள்.
பதறியவர்கள் போய்விட்டார்கள்.
கை அங்கேயே இருக்கிறது.

நீளவாக்கில் வழுவழுக்கும் தடம், ஃபாக்ஸ்ட்ராட்.
நியூயார்க்கில் துள்ளித் திரிந்துவிட்டுக்
கப்பலேறி வந்த இடத்தில்
இங்கிலீஷ்காரர் கையில் அகப்பட்டு,
இங்கே குதிகால் இங்கே நுனிக்கால் என
இலக்கணம் எழுதப்பட்டு
நல்ல பிள்ளையாகிவிட்டது.
வாத்தியக்காரர்கள் அவசரப்பட்ட இரவுகளில்
அதுவே குவிக்ஸ்டெப்.
அதன் சாட்சியாய்ச் சின்னச் சின்னப் பள்ளங்கள்,
கோழி கிளறிய மண்ணைப் போல.

மேடைக்கு முன்னால் ஒரு வெட்டுக்காயம்,
டாங்கோ.
ப்யூனஸ் அயர்ஸ் துறைமுகத்துப் பிள்ளை,
பாரிஸில் பவுடர் பூசிக்கொண்டு வந்தது.
பூனையாய் நடந்து சட்டென்று நிற்கும்.
நிற்கிற இடத்தில் மரத்துக்கு நோகும்.

ரும்பாவைத் தேடினாள், கிடைக்கவில்லை.
அந்தக் கியூபாக்காரி இடுப்போடு முடித்துக்கொள்வாள்,
தரையிடம் ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒரு சுருளில் சிக்கியிருந்தது டிக்கெட், 1942.
பின்புறம் பென்சிலில்,
"அடுத்ததில் நீ ஆண், ஐரிஸ்.
எனக்குப் பின்னால் நடந்து பழக வேண்டும்,
அவன் திரும்பி வருவதற்குள்."
கெயில் அதை இரண்டு தரம் படித்தாள்.
சட்டைப்பைக்குள் வைத்தாள்.

கடைசியில் சுவரோரம்.
நாற்காலிகள் போட்டிருந்த வரிசை,
தேய்வதற்குக் காரணமே இல்லாத இடம்.
ஐந்தாம் நாற்காலிக்கு முன்னால்
ஒரு குழி.
கட்டைவிரல் முழுசாய் இறங்குகிறது.
இந்தக் கூடத்திலேயே இதைவிட ஆழமாய்
எந்த ஜோடியும் எதையும் தேய்க்கவில்லை.

யாரோ உட்கார்ந்தபடியே
வலது காலால் தாளம் தட்டியிருக்கிறார்கள்.
ஒரு ராத்திரியில் விழும் பள்ளமில்லை,
ஒரு வருஷத்திலும் விழாது.
யாரும் கை நீட்டாத பெண்ணா,
நீட்டத் துணியாத ஆணா,
மேல்கோட்டுகளுக்குக் காவலிருந்தவரா,
வலிக்கும் முழங்காலா.
மரம் பெயர் சொல்லாது.

மேலாளர் டெஸ்மண்ட் பை எட்டிப் பார்த்தார்.
"சனிக்கிழமை போட்டி.
எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கணும்.
அந்த ஓரத்துப் பலகையையும் மாற்றிவிடுங்கள்."
"நல்ல மரம், தாங்கும்" என்றாள் கெயில்.
தாங்கும்தான்,
யாரும் அதன்மேல் குதிக்காதவரை.

அவர் போனதும்
பழைய ஓட்டையிலேயே பழைய திருகாணியை முடுக்கினாள்.
ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
குடுவையில் கடைசித் தேநீர் ஆறிக்கிடந்தது.
கண்ணாடிக் கூரையில் மழை
மூன்றா நான்கா என்று முடிவு செய்யாமல் விழ,
அவளுடைய பூட்ஸின் நுனி
குழிக்குள் போய்
கச்சிதமாய் உட்கார்ந்தது.

நாற்பத்தொரு பலகைக்குத்தான் பேச்சு.
நாற்பதுக்கு பில் போட்டாள்.