ஈரம்

நாலு பக்கம் வசனம் எழுதியிருந்தேன்,
கடலைப் பற்றி, கடனைப் பற்றி.
ஒத்திகையில் எஸ்தருக்கே கொட்டாவி வந்தது.
கிழித்துப் போட்டேன்.

காசிமேட்டில், ஏலக்கூடத்துக்குப் பின்னால் மேடை.
எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் லாரிகள்
யார் வசனத்துக்கும் ஹாரனை நிறுத்தாது.

விளக்கு எரிந்ததும்
எஸ்தர் வாசல் பெருக்குகிறாள்.
சுவரில் அவன் படம், காய்ந்த மாலை.
படியோரம் ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி.
பெருக்கியபடியே தாண்டிப் போனவள்
திரும்பி வந்து
தொட்டுப் பார்க்கிறாள்.
விரலைப் புடவையில் துடைக்கிறாள்.

முன்வரிசையில் வேர்க்கடலை உரிப்பது நின்றது.
"உள்ள யார்டீ?"
இது என் வசனமில்லை,
மீன்கூடைமேல் உட்கார்ந்திருந்த கிளாராவுடையது.

லாரி ஒன்று அலறிப் போனது.
ஒரு தலையும் திரும்பவில்லை.

பக்கத்திரைக்குள்
வெறுங்காலோடு நின்ற மோசஸுக்குக்
கை காட்டினேன்:
இரு.
இன்னும் வராதே.