இறுக்கிக் கட்டாதே

கதவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதே.
அறுநூறு மைலும் அவை
ஒன்றையொன்று மென்றுகொண்டே வரும்.

போன ஆண்டு மென்றன.
அயோவாவில் ஏற்றும்போது எங்கள் பந்தய வண்டி முப்பத்தெட்டு.
தெற்கு டகோட்டாவில் இறக்கும்போது
எட்டின் இடப்பக்கம் தேய்ந்து
முப்பத்து மூன்று.
முதல் ஐந்து சுற்றுகளைக்
கோபுரத்தில் இருந்தவர்கள்
வராத எவனோ ஒருவன் கணக்கில் எழுதினார்கள்.
டெல்வின் விழுந்து விழுந்து சிரித்தான்.
எண்ணை வெட்டி ஒட்டியவள் நான்;
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரியில், மூச்சு கண்ணிமையில் உறையும் குளிரில்,
டிரெய்லருக்குள் ஒரு ஹீட்டரை இழுத்துப்போட்டுத் தொடங்கினேன்.
லூத்தரன் தேவாலயம் கழித்துப்போட்ட கம்பளம்.
நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கட்டிக்கொண்டு மிதக்கும்
நுரைக் குழல்கள் பன்னிரண்டு;
நீளவாக்கில் கத்தியால் கீறி
ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் மாட்டினேன்.
கடையில் இளஞ்சிவப்புதான் மிச்சம் இருந்தது. இருக்கட்டும்.
சுவரோரம் செங்குத்தாக ஆறு இடுக்குகள்,
நடுநடுவே ஒரு கை நுழையும் இடைவெளி.
கூரை கண்ணாடியிழை; அதற்குத் தனிப் போர்வை.
டயர்களும் ஜாக்கும் தரையில், சங்கிலியோடு.
கனமானதை மேலே வைக்கிறவன்
இதுவரை அவசரமாக பிரேக் பிடிக்காதவன்.

வண்டியின் மூக்கு மட்டும் மேலே,
அகலப் பட்டைகளில், தூளி மாதிரி.
இறுக்கிக் கட்டாதே.
ஜூலையில் பூட்டிய பெட்டிக்குள் பிளாஸ்டிக் இளகும்;
கட்டியவள் கோபமாக இருந்தால்
அந்தக் கோபத்தின் வடிவத்திலேயே ஆறும்.

ஏப்ரலில் சரளைச் சாலையில் சோதனை.
டெல்வினை ஓட்டச் சொல்லிவிட்டு
உள்ளே இருட்டில் உட்கார்ந்தேன்.
இன்னும் விதைக்காத வயல்களைச் சுற்றி நாலு மைல்.
தகடு தகட்டைத் தொடுகிறதா என்று
காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
மோதிக்கொண்டவை என் பற்கள் மட்டும்.

ஆகஸ்ட்டில் போனோம்,
மிசூரி ஆற்றுப் பாலத்தின் ஒட்டுகளில் தடதடத்து.
இறக்கி, விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.
அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது?
பயிற்சி ஓட்டத்திலேயே எஞ்சின் போய்விட்டது.
எண்ணெய் சிந்திய களிமண்ணில் டெல்வின் மல்லாந்து கிடந்தான்,
வானத்தோடு ஏதோ வழக்கு வைத்துக்கொண்டு.

அப்போது வந்தான் ரோலண்ட் ஓல்சன்,
மே மாதம் எங்களைச் சுவரில் தேய்த்தவன்,
தொப்பியைக் கையில் பிடித்தபடி.
முதல் ஓட்டத்தில் மூக்கு உடைந்துவிட்டதாம்.
இறுதி ஓட்டத்துக்கு நாற்பது நிமிஷம்.
டெல்வின் எழுந்திருக்காமலே சொன்னான்:
"மார்லிஸைக் கேள். அது அவளுடையது."

பட்டைகளை அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் ஆனது.
வேண்டுமென்று இல்லை.
கொஞ்சம் வேண்டுமென்றுதான்.

அவனுடைய ஆரஞ்சு வண்டியில் எங்கள் வெள்ளை மூக்கு,
இரவல் சட்டை மாதிரி.
திருகாணிகளை நானே போட்டேன், வரிசை தப்பாமல்.
மூன்று சுற்று.
இரண்டாம் வளைவில் முன்னால் போனவன் சுழல,
வெள்ளையாய் ஏதோ ஒன்று விளக்குகளின் உயரத்துக்கு எழும்பி
வேலிக்கு அப்பால் விழுந்தது.
ஒரு குளிர்காலமும் அறுநூறு மைலும் காத்தது,
ஒரு நிமிஷம்கூட இல்லை.

நள்ளிரவில் துண்டுகளைத் தூக்கிவந்தான் ரோலண்ட்,
இரண்டு கைகளிலும், சேறு சொட்ட.
பணம் தருவேன் என்றான். பிறகு, செப்டம்பரில் என்றான்.
நான் பேசவில்லை.
டிரெய்லருக்குள் ஏறியவன் அப்படியே நின்றான்.
டார்ச் வெளிச்சத்தில்
இளஞ்சிவப்பு விளிம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.
தன் ஜாக்கெட்டைக் கழற்றி
துண்டுகளின் கூரான பக்கத்தைச் சுற்றினான்.
"கதவுகளில் உரசாமல்
இதை எங்கே வைக்கட்டும்?"

மேலே கைகாட்டினேன்.
அவன் ஏறிய அதிர்வில் பட்டைகள்
காலியாக ஆடிக்கொண்டிருந்தன.
"இறுக்கிக் கட்டாதே" என்றேன்.